மாலையைக் கழற்றிய பிறகு

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் தருமபுரிப் பக்கம் டாஸ்மாக் கடை வாசலில் கூட்டம் கொஞ்சம் குறையும். ஐப்பசி வரைக்கும் கட்டிங் போடப் பங்காளி தேடி அலைந்தவர்கள், மாலை போட்டு, காலில் செருப்பில்லாமல், விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுச் சரணம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் மரியாதை கூடும். பெண்டாட்டியே "சாமி, சாப்பிட வாங்க" என்பார். ஒரு மண்டலம் ஒரு சொட்டு தொடாமல் இருப்பார்கள். இதில் பொய் கிடையாது. மொடாக்குடியர்கள்கூட இருந்து காட்டியிருக்கிறார்கள். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் என்ன நடக்கும் என்பதும் ஊருக்கே தெரியும். கடைக்காரருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

குடியை நிறுத்த எங்கள் ஊரில் வழிக்குப் பஞ்சமில்லை. மாலை இருக்கிறது. கோயிலில் கயிறு கட்டுவார்கள். குலதெய்வத்தின் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்குவார்கள். பெற்ற பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர்களும் உண்டு. அப்புறம் ஆஸ்பத்திரி, மருந்து, மாத்திரை. எல்லாம் நிறுத்துவதற்கு. நிறுத்தியவன் அதற்கடுத்த மாதம் சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு, கூலிப் பணம் சட்டைப்பையில் இருக்கும்போது, எங்கே போய் உட்காருவான் என்று யாரும் யோசிப்பதில்லை. நாங்களும் அதைத் தேடித்தான் அலைந்தோம்.

என் அண்ணனைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு போடாத. என்ன வேலைன்னு போடாத. குடிய விடறவங்க கூட்டத்துல மத்தவங்க பேசினது ஒரு வார்த்தை வெளிய வரக்கூடாது. நம்ம வீட்டுக் கதைய என்ன வேணா எழுதிக்கோ" என்றான். ஆகவே இதில் வீட்டுக் கதை மட்டும்தான்.

மாலை போட்டால் நின்றுவிடும் என்று அண்ணி பிடிவாதமாக இருந்தார். போட்டான். மறுநாள் காலையிலேயே கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. டீ டம்ளரை இரண்டு கையால் பிடித்தும் பாதி டீ வேட்டியில். அந்தக் குளிரில் சட்டை நனைகிற அளவு வியர்வை. மூன்றாம் நாள் ராத்திரி, சுவரில் எறும்பு சாரைசாரையாகப் போகிறது என்று துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான். வெள்ளையடித்த சுவர். ஒரு எறும்பு இல்லை. பிறகு எப்போதோ செத்துப்போன எங்கள் தாத்தாவோடு பேச ஆரம்பித்தான். குருசாமி வந்து பார்த்து, விரதத்தில் ஏதோ தீட்டுப் பட்டிருக்கிறது என்றார். பக்கத்து வீட்டு அத்தை வேப்பிலையோடு வந்துவிட்டார். அண்ணிதான், "இது சாமியும் இல்ல, பேயும் இல்ல. தம்பி, நீ ஆட்டோவ கூப்புடு" என்றார்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே விளக்கிச் சொன்னது இதுதான். வருஷக்கணக்காகத் தினமும் குடித்த உடம்பில், மூளை அந்த மதுவின் அமுக்கத்துக்கு ஏற்றபடி தன்னை முடுக்கி வைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று மது நின்றால் முடுக்கம் மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், புத்தி தடுமாறலாம். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்துவது ஆஸ்பத்திரி மேற்பார்வையில் நடக்க வேண்டிய காரியம். மாலை போடுவதற்கு முன்னால் டாக்டரைப் பார்க்கச் சொல்லும் குருசாமி ஒருவரையாவது நான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. "ரொம்ப சோர்வா இருக்கான், குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நாங்கள் எல்லோரும் கெஞ்சினோம். எங்கள் ஊரில் எந்த நோய்க்கும் முதல் மருந்து அதுதானே. டாக்டர் முதலில் வைட்டமின் பி1 ஊசியைப் போட்டார். குடியால் பி1 வற்றிப்போன உடம்பில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாமாம். கிராமத்துப் பக்கம் கிளினிக் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கிறதா என்று இன்றைக்கும் எனக்குக் கவலை உண்டு.

உடம்பு தேறியது. வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த ஆலோசகர், "இது பாதி வேலைதான். குழுக் கூட்டம் ஏதாவது இருந்தா விடாம போங்க" என்றார். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம். குழுக் கூட்டம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது மகளிர் சுய உதவிக் குழுதான்.

விசாரிக்க ஆரம்பித்ததும் ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். முதலில் வந்தது, 'குடிப்பவருக்குத் தெரியாமலேயே கொடுக்கலாம்' என்று பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் ஒட்டியிருக்கும் மருந்து. சாம்பாரில் கலந்து கொடுத்தால் குடியையே வெறுத்துவிடுவார் என்று சொந்தக்காரர் ஒருவர் வாங்கியே வந்துவிட்டார். அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். டாக்டர்கள் எழுதித் தரும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால், உடம்பில் மது பாதி சிதைந்த நிலையில் உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு வெளியேறாமல் தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரிந்து ஆளையே சாய்த்துவிடும். சாப்பிடுபவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. தெரியாமல் கலந்து கொடுப்பது, ஆளைக் கொல்லப் பார்ப்பதற்குச் சமம். பொட்டலத்தை அண்ணி சாக்கடையில் கொட்டினார். சொந்தக்காரர் கோபித்துக்கொண்டு இரண்டு விசேஷத்துக்கு வரவில்லை. நிம்மதி.

அடுத்தது மறுவாழ்வு மையம் என்று சொல்லிக்கொண்ட ஓர் இடம். எங்கே, என்ன பெயர் என்பது வேண்டாம். கிரில் கேட்டுக்குப் பெரிய பூட்டு. உள்ளே சேர்த்தால் ஒரு மாதத்துக்கு வீட்டார் யாரும் பார்க்க முடியாது, போனும் கிடையாது, பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றார்கள். டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டதற்கு நேரான பதில் இல்லை. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடியால் வரும் பாதிப்பும் அடங்கும். நோயாளிகளைத் தங்க வைத்துச் சிகிச்சை தரும் மையம் முறையாகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொன்னேன். "நீங்க என்ன ரிப்போர்ட்டரா?" என்றார் மேனேஜர். அண்ணனை அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டோம். நல்ல மையங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பூட்டைப் பற்றி முதலில் பேசி, டாக்டரைப் பற்றிக் கடைசியில் பேசும் இடத்தில் செருப்பைக்கூடக் கழற்றாதீர்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போகச் சொன்னவர்கள்தான் அதிகம். அது ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது, எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரே பஸ். போதைப் பழக்கத்துக்குத் தனிப் பிரிவே உண்டு, நல்ல வைத்தியம். ஆனால் வாராவாரம் ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் விட்டுவிட்டுப் போய்வர எத்தனை பேரால் முடியும்?

கடைசியில் வழி கிடைத்தது போனில்தான். 14416 என்று டெலி மனஸ் மனநல உதவி எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்று இன்னொரு எண். அவர்கள் சொன்ன தைரியத்தில் மறுபடி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய், "குழு எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க" என்று உட்கார்ந்துகொண்டோம். ஆலோசகர் ஒரு சீட்டில் போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. குடியை விட ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் குழு.

அண்ணனே கூப்பிட்டான். அந்தப் பக்கம் பேசியவர் எந்த ஊர், என்ன ஆளுங்க, எவ்வளவு குடிப்பீர்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. "எப்ப வர்றீங்க? நான் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

கூட்டம் எங்கள் ஊரில் இல்லை, பஸ்ஸில் போக வேண்டிய வேறு ஊர். அண்ணனுக்கு அதுதான் பிடித்திருந்தது. "நம்ம ஊர்ல வெச்சா நான் போகமாட்டேன். யாராச்சும் பாத்துட்டா?" என்றான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாலு ரோட்டில் பட்டப்பகலில் விழுந்து கிடந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். டாஸ்மாக் வரிசையில் நிற்கும்போது எங்கள் சித்தப்பாவே பின்னால் நின்றிருக்கிறார். அதெல்லாம் கூச்சமில்லை. குடியை விடப் போவதை யாராவது பார்த்துவிட்டால் கூச்சம்! ஆனால் அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. குடித்தால் நாலு பேரில் ஒருவன். விடப் போனால் தனி ஆள். விட்டுவிட்டு மறுபடி குடித்துவிட்டால் ஊர் வாயில் விழ வேண்டும்.

திறந்த கூட்டம் என்று ஒன்று வைப்பார்கள், வீட்டார் யாரும் வரலாம். மற்றவை குடிப் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். நான் பார்த்தது திறந்த கூட்டம். சர்ச்சை ஒட்டிய ஆரம்பப் பள்ளி வகுப்பறை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் பெரிய ஆட்கள் முழங்காலை மடக்கி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு அழிக்காமல் இருந்தது. ஒரு ஃபிளாஸ்க் டீ, பேப்பர் கப். தொடக்கத்தில் கொஞ்சம் வாசித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து பெயரை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லிவிட்டுப் பேசினார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசக்கூடாது. பேசி முடித்தபின்னும் யாரும் "நீ இப்படிச் செஞ்சிருக்கணும்" என்று சொல்லவில்லை. என் அண்ணனுக்கு அதுதான் அதிசயம். அப்பா, மாமனார், குருசாமி, மேஸ்திரி, வார்டு மெம்பர் என்று புத்தி சொல்லாத ஆள் பாக்கியில்லை. இங்கே யாரும் புத்தி சொல்லவில்லை, தங்கள் கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வந்தது, முடிந்தவர்கள் பத்து இருபது போட்டார்கள். கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் சேர்வதற்குத் தகுதி. பை புதிதாக வந்த அண்ணனைத் தாண்டியே போய்விட்டது.

பேர் மட்டும்தான் என்றேன் அல்லவா, அதற்கு எங்கள் மாவட்டத்தில் வேறொரு பலனும் உண்டு. அப்பா பெயர், தெரு, தொழில் எதுவும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் எந்தத் தெரு என்று சொன்னாலே மீதி எல்லாம் தெரிந்துவிடும். சொந்த ஊரில் ஒரே திண்ணையில் உட்கார மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றிய ஆட்கள் அந்தக் குட்டி பெஞ்சில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து ஒரே ஃபிளாஸ்கில் டீ குடித்தார்கள். நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஏஏ தொடங்கிய கதையும் ஒரு தேடல் கதைதான். 1935-இல் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊருக்கு வேலையாக வந்த பில் என்பவருக்கு, வந்த காரியம் கெட்டுப்போனது. குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. ஹோட்டலில் ஒரு பக்கம் பார், ஒரு பக்கம் போன். தெரியாத ஊரில், பாதிரியார்களுக்கு வரிசையாகப் போன் போட்டு, "பேசுவதற்கு எனக்கு ஒரு குடிகாரர் வேண்டும்" என்று கேட்டிருக்கிறார். அப்படிக் கிடைத்தவர் பாப் என்ற அறுவை சிகிச்சை டாக்டர். அந்த வருஷம் ஜூன் 10, பாப் கடைசியாகக் குடித்த நாள். அதையே ஏஏ பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள். இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. பில் தேடியது தன்னைக் காப்பாற்ற ஒருவரை என்றுதான் நினைப்போம். இன்னொருவருக்கு உதவி செய்தால்தான் தான் குடிக்காமல் இருக்க முடியும் என்று நினைத்துத் தேடினாராம். பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றவரும் அதையே சொன்னார்: "உங்க அண்ணனுக்காக வரல தம்பி, எனக்காகத்தான் வந்தேன்."

ஏஏ-யின் வழிமுறையான பன்னிரண்டு படிகளில் கடவுள் நிறைய வருகிறார். 'நாம் புரிந்துகொண்ட வகையில்' என்று ஒரு சலுகை உண்டு. கறுப்புச் சட்டை எங்கள் ஊரில் இரண்டு வகை. கார்த்திகையில் மட்டும் போடுகிறவர்களுக்குச் சங்கடமில்லை, வருஷம் முழுக்கப் போடுகிறவர்களுக்குக் கொஞ்சம் நெருடும். அவர்களும் வந்து, அந்தக் குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது நியாயமான ஏற்பாடாகத் தெரிகிறது.

அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. "உக்காந்து பேசினா குடி நின்னுடுமா? கடைய மூடச் சொல்லு" என்பார். சும்மா பேசுவதுதானே என்ற சந்தேகம் படித்தவர்களுக்கும் இருந்தது. 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை, சேர்த்துவைத்துப் பார்த்தது. ஏஏ-யில் சேர்ந்து நிலைக்க உதவும் முறையான சிகிச்சை, குடியை அறவே விட்டு இருப்பதில் மற்றச் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தருகிறது என்று தெரிந்தது. பெரும்பாலும் மேல்நாட்டு ஆய்வுகள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடையை மூடுவது பற்றி அப்பா சொல்வதை நான் தள்ளவில்லை. ஆனால் எங்கள் மண் அதை எல்லோருக்கும் முன்னால் பார்த்துவிட்டது. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் ஜில்லாதான். அவர் பிறந்த தொரப்பள்ளியே ஓசூர் பக்கம். பிறகு 1971-இல் எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள், மறுபடி எடுத்தார்கள். 2003-இல் சில்லறை விற்பனையையே அரசு எடுத்துக்கொண்டது. 2016 டிசம்பரில் நெடுஞ்சாலையோரக் கடைகளைக் கோர்ட்டு மூடச் சொன்னது, 2017-இல் பல கடைகள் ஊருக்குள் நகர்ந்தன. கடை எங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆறரை மணிக்கு என் அண்ணனுக்கு ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் குழு. கூட்டம் வாரத்தில் ஒரு நாள், போன் எல்லா நாளும். ஒருமுறை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கால் தானாகக் கடைப்பக்கம் திரும்புகிறது என்று அங்கிருந்தே ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறான். அவர் "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, தக்காளி என்ன விலை, ராயக்கோட்டைப் பக்கம் மழையா என்று பஸ் கிளம்பும் வரை பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். கொரோனாவுக்குப் பிறகு தமிழிலேயே ஜூம் கூட்டங்களும் நடக்கின்றன. ஊரில் குழு இல்லாதவர்கள் அங்கே தொடங்கலாம். அண்ணனுக்கு அது ஒத்துவரவில்லை. மாடியில் போய் நின்றாலும் சிக்னல் விட்டுவிட்டு வரும்.

நடுவில் ஒரு திருவிழாச் சமயம் குடித்தான். வீட்டில் மறுபடி இழவு விழுந்த மாதிரி இருந்தது. அடுத்த கூட்டத்துக்குப் போகவே மாட்டேன் என்றவனை அதே மனிதர் வந்து பஸ் ஏற்றினார். அங்கே போய்ச் சொன்னானாம். "திரும்பி வந்தீங்களே, உக்காருங்க" என்றார்களாம். மலையில் இது நடக்காது. விரதம் முறிந்தால் முறிந்ததுதான்.

அண்ணிக்கு என்று ஒன்றும் கிடைக்கவில்லை. குடிப்பவரின் குடும்பத்தாருக்காக அல்-அனான் என்று 1951-இலேயே தொடங்கிய அமைப்பு இருக்கிறது. எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் அகப்படவில்லை. அண்ணி திறந்த கூட்டத்தில் பழக்கமான இன்னொரு வீட்டம்மாவோடு ராத்திரி போனில் பேசுகிறார். பேசிவிட்டு வந்தால் எங்கள் யார் மேலும் எரிந்து விழுவதில்லை. நான் பார்த்த கூட்டத்தில் குடியை விட வந்த பெண் ஒருவர்கூட இல்லை. குடிக்கிற பெண்கள் எங்கள் பக்கத்தில் இல்லாமல் இல்லை. ஆண்கள் நிறைந்த அந்த வகுப்பறைக்குள் அவர்கள் எப்படி வருவார்கள்?

இப்போது புதுக் கதை. ஊரில் வைத்தால் வரவே மாட்டேன் என்ற அண்ணனே எங்கள் ஊரில் ஒரு குழு தொடங்க இடம் தேடுகிறான். இரண்டு மூன்று பேர் குடியை விடுவதற்காகக் கூடினாலே அது குழுதான் என்று ஏஏ மரபு சொல்கிறது. இவனும் இன்னொருவரும் தயார். பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, குடிகாரர்களுக்கு எப்படிச் சாவி கொடுப்பது என்றார்கள். கடைசியில் ஒரு டெய்லர் தன் கடை மாடி அறையைத் தருகிறேன் என்றார், வாடகையே வேண்டாம் என்று. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. குழு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், வெளியே யாரிடமும் நன்கொடை வாங்கக்கூடாது என்பது விதி. இலவசம் வேண்டாம் என்று இவன் சொல்ல, பணம் வேண்டாம் என்று அவர் சொல்ல, அரை மணி நேரம் தலைகீழ்ப் பேரம். மாதம் இருநூறு என்று முடிந்தது.

நாள் சனிக்கிழமை, கூலி நாள். நேரம் ஆறரை. போர்டு வைப்பதா வேண்டாமா என்று அண்ணனுக்கும் கூடத் தொடங்கும் அந்த இன்னொருவருக்கும் வாக்குவாதம். மாடிப்படி நேராகத் தெருவைப் பார்த்தபடி இருக்கிறது, போர்டைப் பார்த்தால் ஒருத்தனும் ஏற மாட்டான் என்கிறான் அண்ணன். போர்டு இல்லாவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்கிறார் அவர். இப்போதைக்குத் தெருவில் ஒன்றும் வேண்டாம், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஆலோசகரிடம் நேரமும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று வைத்திருக்கிறார்கள். கீழே டெய்லர் கடைக்கு எப்போதும் ஆள் வந்து போவதால், படியேறுகிறவன் பேன்ட் ஆல்டர் பண்ணப் போகிறான் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்களாம். அண்ணன் யோசனை அது.